மூன்றில் இரண்டு

நிகழ்தகவு என்ற சொல்லைத் தமிழில் நான் வயதான பிறகுதான் கேட்டேன். சைகோனில் பள்ளியின் கடைசி வகுப்பில் படித்தபோது அந்தக் கணக்கு எனக்குப் பிரெஞ்சு மொழியில் மட்டுமே தெரியும். அது தேர்வுக்குரிய பாடமும் அல்ல. கணிதப் புத்தகத்தின் கடைசியில் சில பக்கங்களாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வருடம் மற்ற பாடங்கள் எதிர்பார்த்ததைவிட முன்பே முடிந்துவிட்டதால், எங்கள் ஆசிரியர் மிச்சமிருந்த வகுப்புகளை அதற்குக் கொடுத்தார்.

அவர் வெயிலுக்கு அணியும் தக்கைத் தொப்பியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்து, அதில் கறுப்பும் வெள்ளையுமாகச் சட்டைப் பொத்தான்களைப் போடுவார். கண்ணை மூடிக்கொண்டு ஒருவன் ஒரு பொத்தானை எடுக்க வேண்டும். வெள்ளை வர எத்தனை வழி, மொத்தம் எத்தனை வழி, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை. பொத்தான்கள் எல்லாம் ஒரே அளவாக, விரலுக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இதைவிட எளிய கணக்கு அதுவரை எனக்கு வந்ததில்லை என்று நினைத்தேன். அடுத்த வகுப்பிலேயே தப்புச் செய்தேன். இரண்டு நாணயங்களைச் சுண்டினால் என்னென்ன வரும் என்று கேட்டார். இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ, ஆக மூன்று, ஒவ்வொன்றும் மூன்றில் ஒன்று என்று எழுதினேன். அவர் வேறு வேறு உலோகத்தில் இரண்டு நாணயங்களை எடுத்து என் முன்னால் வைத்து, "இப்போது பார்" என்றார். முதலாவது தலை, இரண்டாவது பூ என்பதும், முதலாவது பூ, இரண்டாவது தலை என்பதும் வேறு வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. மொத்தம் நான்கு.

இன்னொரு நாள் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை மட்டும் தொப்பியில் போட்டார். எடுத்ததைத் திரும்பப் போட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். வெள்ளையாகவே வந்துகொண்டிருந்தது. அடுத்து என்ன வரும் என்று கேட்டபோது வகுப்பில் பெரும்பாலோர் கறுப்பு என்றார்கள். கறுப்பு வரவேண்டிய முறை வந்துவிட்டது என்பது அவர்கள் எண்ணம். "தொப்பிக்கு ஞாபகம் கிடையாது" என்றார் ஆசிரியர். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு நடந்துவரும்போது அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அப்பா காரைக்காலிலிருந்து வந்தவர். துறைமுகத்தில் சுங்க அலுவலகத்தில் எழுத்தர். தாத்தா காலத்தில் எங்கள் குடும்பம் சாதி வழக்கத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்தது. அதனால் அப்பாவுக்கு அந்த வேலையும் எனக்கு அந்தப் பள்ளியும் கிடைத்தன. வீட்டுக்குள் வந்தால் அந்தக் கையெழுத்துக்கு வேலை இல்லை. நகரத்தின் பெரிய சந்தையான பென் தானுக்குப் பக்கத்திலிருந்த மாரியம்மன் கோயிலைக் கேட்காமல் அம்மா எதையும் செய்தவளல்ல. அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

அக்காவின் வயிறு வீங்கத் தொடங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. முதலில் வாயு என்றார்கள். கஷாயம் கொடுத்தார்கள். சீனர்கள் வாழ்ந்த சோலோன் பகுதியிலிருந்து வைத்தியர் ஒருவரின் மருந்துப் பொட்டலங்கள் வந்தன. வீக்கம் வளர்ந்தது. பேசி முடிக்க இருந்த கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வருவதை நிறுத்தினார்கள். காரணம் கேட்கும் நிலையில் யாரும் இல்லை. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதன் பிறகுதான் அப்பா அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

பிரெஞ்சு டாக்டர் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே பேசினார். வயிற்றுக்குள் கட்டி இருக்கிறது, எடுத்தாக வேண்டும். இப்படிப்பட்ட கட்டியை எடுத்தால், அவர் பார்த்தவரை, மூவரில் இருவர் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். எடுக்காவிட்டால் அடுத்த மழைக்காலத்தை அவள் பார்க்கமாட்டாள். அப்பா நடையில் காத்திருந்த அம்மாவிடம் வந்து, "மூணு பேருல ரெண்டு பேரு பிழைக்கிறாங்களாம்" என்று மட்டும் சொன்னார். மழைக்காலத்தைப் பற்றி அப்போது சொல்லவில்லை. மறுநாள் சொன்னார்.

அக்காவைப் பெண்கள் கூடத்தில் படுக்கவைத்தார்கள். அவளுக்கு இரத்தம் குறைவு, கொஞ்சம் தேறட்டும், பிறகு கத்தி வைக்கலாம் என்றார் டாக்டர். அவள் கட்டிலுக்கு ஒரு பக்கம் சந்தையில் வெற்றிலை விற்கும் அன்னாமியப் பெண் ஒருத்தி; வியட்நாமியரை அப்போது அப்படித்தான் சொல்வோம். மறுபக்கம் சோலோன் அரிசி ஆலைக் கணக்கரின் மனைவி, சீனப் பெண். இருவருக்கும் வயிற்றில் அதே மாதிரிக் கட்டி. இருவருக்கும் அதே டாக்டர்தான் அறுத்தார். அம்மா தினமும் தூக்குச் சட்டியில் ரசம் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அந்த இரண்டு கட்டில்களையும் கவனித்துக்கொண்டிருந்தாள். வெற்றிலைக்காரி முதலில் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு நடந்தாள். வீட்டுக்குப் போகும் நாளில் அக்காவின் தலைமாட்டில் ஒரு பம்ப்ளிமாஸ் பழத்தை வைத்துவிட்டுப் போனாள். சீனப் பெண்ணை அவள் கணவன் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனான்.

அன்று அம்மா வீட்டுக்கு வந்து சேலை மாற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் போயிட்டாங்க."

"குணமாகித்தானே போனாங்க? நல்லதுதானே," என்றார் அப்பா.

"உங்களுக்கு நல்லது. மூணு பேருல ரெண்டு பேரு பிழைப்பாங்கன்னு டாக்டர் சொன்னாரு. அந்த ரெண்டு பேரும் பிழைச்சாச்சு. மிச்சம் யாரு?"

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த கணக்கு அது. நான் தொப்பியையும் பொத்தான்களையும் சொன்னேன். வெள்ளையே தொடர்ந்து வந்தாலும் அடுத்த முறை கறுப்புக்கு உரிமை கூடுவதில்லை என்றேன். அந்த இருவருக்கு நடந்தது அக்காவை எந்த விதத்திலும் தொடாது என்றேன்.

"தொப்பியில பொத்தானைப் போட்டுக் குலுக்கத்தான் உன்னை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனோமா?"

"கேளும்மா. ஒவ்வொருத்தருக்கும் அது தனித்தனிக் கணக்கு."

"எப்படித் தனிக் கணக்கு? ஒரே கத்தி. ஒரே கை." அம்மா என் பக்கம் திரும்பினாள். "சந்தையில மூணு மாங்கா இருக்கு. ஒண்ணு அழுகல்னு உனக்குத் தெரியும். நல்லது ரெண்டையும் ஒருத்தி எடுத்துக்கிட்டுப் போயிட்டா. மூணாவதைக் காசு குடுத்து வாங்குவியா நீ?"

அவள் கணக்கு மாங்காய்க்குச் சரி. எடுத்ததைத் திரும்பப் போடாவிட்டால் கூடைக்கு ஞாபகம் உண்டு. அதை ஆசிரியரும் சொல்லியிருந்தார், வேறு கணக்காக. டாக்டர் சொன்னது மூன்றே மூன்று பேரைப் பற்றி அல்ல, அவர் அறுத்த எல்லாரையும் பற்றி, இனி அறுக்கப்போகிறவர்களையும் சேர்த்து. அந்தக் கூடைக்கு அடி இல்லை. இதை நான் பலவிதமாகச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முடிவில், "அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருங்க. இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றாள்.

அப்பா ஒரு கையெழுத்தில் அறுவைக்குச் சம்மதம் கொடுத்திருக்கலாம். அவர் அக்காவிடம் கேட்டார். அம்மா சரி என்று சொன்னால் படுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்றாள் அவள். அம்மாவை எதிர்த்துக்கொண்டு அந்த மேசைமேல் போய்ப் படுக்க அவளுக்குத் தைரியம் இல்லை. என்னிடம் அதை வேறு மாதிரிச் சொன்னாள்.

"அந்த ரெண்டு பேருல ஒருத்தியாவது போய்ச் சேர்ந்திருந்தா எனக்கு இடம் கிடைச்சிருக்கும். அம்மாவுக்கு அதுதான் கோபம்."

நான் அவளுக்கும் மாங்காயைச் சொன்னேன். சிரித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கும் என்று கையை மேலே வைத்து அழுத்திக்கொண்டாள்.

"சரி, உன் கணக்குப்படியே வச்சுக்க. மூணுல ரெண்டு. அதுல நான் எத்தனாவது ஆளு?"

"எத்தனாவதும் இல்லை. உனக்கும் மூணுல ரெண்டு."

"எனக்குன்னா? மூணுல ரெண்டு பங்கு நான் பிழைச்சு எழுந்திருப்பேனா?"

"அப்படி இல்லை. நிறையப் பேரை எடுத்துக்கிட்டா..."

"நிறையப் பேரு இங்க எங்கடா இருக்காங்க? நான் ஒருத்திதான் படுத்திருக்கேன்."

அதற்குப் பதிலைப் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். ஆசிரியரிடமும், யாரைப் பற்றி என்று சொல்லாமல், கேட்டேன். ஒரே முறை எடுக்கப்படும் பொத்தானைப் பற்றிப் பின்னம் என்ன சொல்கிறது என்று கேட்டேன்.  எடுப்பவன் எவ்வளவு நம்பலாம் என்பதைச் சொல்கிறது, எதை எடுப்பான் என்பதைச் சொல்வதில்லை என்றார். பிறகு பொத்தான்களைத் தொப்பியிலிருந்து எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார்.

மழைக்காலத்துக்கு முந்திய வெயில் நகரத்தின்மேல் நின்றது. அக்காவின் கால்கள் வீங்கின. கடைசியில் அம்மாவே ஒரு வழி சொன்னாள். அம்மனிடம் பூக் கேட்போம். வெள்ளை வந்தால் அறுக்கட்டும். சிவப்பு வந்தால் அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அதன்பிறகு யாரும் பேசக் கூடாது.

வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக இலைத் துண்டில் மடித்து, நாரால் கட்டி, வெளியில் வித்தியாசம் தெரியாமல் அம்மன் முன்னால் போடுவார்கள். விஷயம் தெரியாத யாராவது ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். எடுத்ததை மட்டும் பிரிப்பார்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அம்மன் சொல்லாததைத் தெரிந்துகொள்ளப் பார்ப்பது தப்பு. இரண்டையும் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடுவார்கள். காரைக்காலில் செய்வதுபோலவேதான் சைகோனிலும் செய்தார்கள். கணக்கில் பார்த்தால் தொப்பியில் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. பாதிக்குப் பாதி.

வழக்கமாகப் பொட்டலத்தைப் பூசாரி கட்டுவார். அன்று அப்பாவே கட்டிக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். வெள்ளிக்கிழமை, பூசாரிக்குக் கை ஓயவில்லை, அவருக்கு எதற்குச் சிரமம் என்றார். அம்மாவுக்கும் அது சரியாகவே பட்டது. பின்னாளில் த்ருவோங் டின் என்று பெயர் மாறிய அந்தத் தெருக் கோயிலுக்கு அப்போதே அன்னாமியப் பெண்கள் நிறைய வருவார்கள். ஊதுபத்தியைக் கட்டுக் கட்டாகக் கொளுத்தித் தலைக்குமேல் தூக்கிக் கும்பிடுவார்கள். அவர்களில் ஒருத்தியை, கூடை வைத்திருந்த நடுவயதுப் பெண்ணை, அப்பா கூப்பிட்டார். தாம்பாளத்தில் இருந்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை எடுக்கச் சொன்னார். அவள் எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். அம்மா நாரை அவிழ்த்தாள். நந்தியாவட்டை. வெள்ளை.

அப்பா பெருமூச்சு விட்டார். அம்மா பூவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னொரு தடவை கேட்போம்," என்றாள்.

அப்பா பூவை வாங்கி மறுபடி மடித்துக் கட்டினார். இரண்டையும் தாம்பாளத்தில் உருட்டிவிட்டார். அந்தப் பெண் எடுத்தாள். வெள்ளை. பாதியில் பாதி, நாலில் ஒன்று என்று என் மனம் தானாகக் கணக்குப் போட்டது. மூன்றாவது முறையும் வெள்ளை, எட்டில் ஒன்று. அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. அவள் இப்போது பயந்து கேட்கவில்லை.

"இன்னும் ஒரு தடவை."

பதினாறில் ஒன்று. நான்காவது முறைதான் நான் பூவை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தேன். சிவப்பு வந்துவிடுமோ என்று பயப்படுகிறவன் தாம்பாளத்தைப் பார்ப்பான், எடுக்கிறவளின் விரலைப் பார்ப்பான். அப்பா எதையும் பார்க்கவில்லை. அவர் அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது முறை கேட்டபோது கூடைக்காரி சிரித்துவிட்டாள். அவள் தன் மொழியில் கேட்டது எனக்குப் புரிந்தது. "இத்தனை தடவை கேட்டா உங்க சாமிக்குக் கோபம் வராதா?" என்றாள். அப்பா அவளுக்கு ஏதோ சமாதானம் சொன்னார். அவள் எடுத்தாள். வெள்ளை.

அம்மா தாம்பாளத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்க நேரமாயிற்று. எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவை அவள் முகத்தில் பல மாதங்களாக நான் பார்க்கவில்லை. "அவளே சொல்லிட்டா. இனிமே எனக்கு என்ன," என்றாள். நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

பொட்டலங்களை ஆற்றில் விட அப்பாவுடன் நான் போனேன். கப்பல் துறைக்குத் தள்ளி, சம்பான் படகுகள் கட்டியிருந்த படித்துறையில் நின்றோம்.

"என்ன கணக்குப் போட்டுக்கிட்டு வர்றே?" என்றார்.

"முப்பத்திரண்டில் ஒன்று."

அவர் எடுக்கப்படாத பொட்டலத்தின் நாரை அவிழ்த்து என் முன்னால் நீட்டினார். அதிலும் நந்தியாவட்டைதான் இருந்தது. ஓரம் பழுத்துவிட்டிருந்தது.

"டாக்டர் சொன்னது மூணுல ரெண்டு. விட்டா ஒண்ணுமில்லை. நீதானே விளக்கிச் சொன்னே. உன் கணக்கு சரிதானே?"

"சரிதான்."

"அப்புறம் என்ன," என்று இரண்டு பூவையும் தண்ணீரில் போட்டார். அவை உடனே போகவில்லை. ஒரு படகின் பக்கமாக ஒதுங்கி, அங்கே மிதந்த குப்பையோடு நின்றன.

அம்மா சரி என்று சொன்ன பிறகு அக்காவின் பேச்சே மாறிவிட்டது. சாப்பிட்டாள். தைக்காமல் விட்டிருந்த ரவிக்கைத் துணியைக் கொண்டுவரச் சொல்லிப் படுக்கையிலேயே கொஞ்சம் தைத்தாள். வலி அப்படியேதான் இருந்தது. அம்மன் ஐந்து முறை சொன்னதாக அம்மா அவளிடம் சொல்லியிருந்தாள். வெற்றிலைக்காரியும் சீனப் பெண்ணும் அம்மாவின் பேச்சில் அதன்பிறகு வரவேயில்லை. அறுவைக்குக் கூட்டிப்போன காலையில் தள்ளுகட்டிலில் படுத்தபடி அக்கா என்னைப் பார்த்தாள்.

"மூணாவது மாங்கா போயிட்டு வருது," என்றாள்.

ஈதர் மயக்கத்திலிருந்து அவள் முழுதாகத் தெளியவே இல்லை. ஒருமுறை கண்ணைத் திறந்தாள், தண்ணீர் கேட்டாள். பிறகு ஜுரம் வந்தது. டாக்டர் வந்தார், நின்றார், போனார். அவள் இறந்ததும் அப்பாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, செய்ய வேண்டியதையெல்லாம் சரியாகவே செய்தோம் என்றார். நான் அதை அன்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன். பின்னாளில் பத்திரிகை வேலையில் விபத்துகளைப் பற்றி எழுதும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு தவறு, ஒரு பொறுப்பாளி தேட வேண்டியிருந்தது. ஆசிரியர் குழுவில் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். எங்கள் வீட்டில் நடந்ததற்கு அப்படி எதையும் என்னால் காட்ட முடியாது. டாக்டர் சொன்ன பின்னம் பொய் இல்லை. அதை நான் விளக்கியதில் பிழை இல்லை. அப்பா தெரிந்தெடுத்த வழிதான் அறிவுள்ள வழி. மறுபடி அதே இடத்தில் நிறுத்தினாலும் அதையேதான் செய்யச் சொல்வேன். மூன்றில் ஒன்று என்பது அரிதான விஷயமும் அல்ல. தொப்பியில் மூன்றில் ஒன்றாகக் கறுப்பைப் போட்டபோது அது எவ்வளவு சாதாரணமாக வந்தது என்று வகுப்பு முழுவதும் பார்த்தது. அப்போது யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் அழுததோடு சரி. சடங்குகள் முடிந்து வீடு காலியான பிறகு அவள் கோயிலுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அப்பா ஒருமுறை, "போயிட்டு வர்றியா?" என்று கேட்டார். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சமைத்தாள், துவைத்தாள். ஒரு மதியம் அப்பா அலுவலகத்திலிருந்து வருவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"அஞ்சு தடவையும் வெள்ளை வந்துச்சு. நீயும் பாத்துக்கிட்டுத்தானே நின்னே?"

"ஆமா."

"அவளை எடுத்துக்கிறதா இருந்தா ஒரு தடவை சிவப்பைக் காட்டியிருக்கலாம்ல? நான் விட்டிருக்கமாட்டேன். அஞ்சு தடவை வான்னு சொல்லிட்டு எடுத்துக்கிட்டா. நான் என்ன பண்ணுனேன் அவளுக்கு?"

அவள் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நீ படிச்சவன். சொல்லு. அம்மன் பொய் சொல்லுமா?"

அப்பாவைப் பற்றிச் சொன்னால் அவள் அம்மனைத் திரும்பப் பெறுவாள், அப்பாவை இழப்பாள். இருவரும் அந்த இரண்டு அறை வீட்டில் மிச்ச வாழ்நாளைக் கழிக்க வேண்டும். நான் வேறு பதிலைச் சொன்னேன்.

"யாரும் சொல்லலைம்மா. அது தானா வந்தது. சில சமயம் அப்படி வரும்."

"அஞ்சு தடவையுமா?"

"அஞ்சு தடவையும் வரலாம்."

"எனக்குக் காட்டு."

எங்கள் தெருவில் இரண்டு வரிசையிலும் புளியமரங்கள். விதைக்குப் பஞ்சமில்லை. தாயம் ஆடுவதற்குச் செய்வதுபோல ஒரு புளியங்கொட்டையைக் கல்லில் ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தேய்த்தேன். தேய்த்த கொட்டை இரண்டு பக்கமும் சரிசமமாக விழாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் காட்ட வேண்டியதற்கு அது போதும். முதலில் ஒரு கொட்டை. பிறகு இரண்டு. இரண்டைப் போட்டால் எத்தனை விதமாக விழும் என்று கேட்டேன்.

"ரெண்டும் வெள்ளை, ரெண்டும் கறுப்பு, ஒண்ணுக்கு ஒண்ணு மாறி. மூணு."

நான் செய்த அதே தப்பு. ஒரு கொட்டையைப் பெரியதாகவும் இன்னொன்றைச் சிறியதாகவும் மாற்றிவைத்துப் போட்டுக் காட்டினேன். அம்மா வகுப்பில் பலரைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். "அப்ப நாலு," என்றாள். கரித்துண்டால் தரையில் கோடு கிழித்தேன், ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து நாலு, நாலிலிருந்து எட்டு. முப்பத்திரண்டு வந்தபோது கோடுகள் சுவர் வரைக்கும் போய்விட்டன. அம்மா ஒவ்வொரு கோடாக விரலை வைத்துக்கொண்டு போனாள்.

"எல்லாம் வெள்ளையா வர்றதுக்கு ஒரு கோடுதான் இருக்கு."

"ஆமா. ஒண்ணே ஒண்ணுதான்."

"அந்த ஒண்ணு நமக்கு வரணுமா?"

அதன்பிறகு அவளே போட ஆரம்பித்தாள். மதியச் சமையல் முடிந்ததும் முறத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு கொட்டையை உள்ளங்கையில் உருட்டி அதில் போடுவாள். வெள்ளை என்றால் அடுத்தது. கறுப்பு வந்தால் முதலிலிருந்து. மூன்று வரை வரும், நான்கு வரை வரும், உடையும். அவள் முகம் சுளிக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்து, "தனியாவே தாயம் ஆடுறீங்களா?" என்று கேட்டாள். அம்மா, "ஆமா, எதிராளி ஓடிப்போயிட்டா," என்றாள். மதியச் சாப்பாட்டுக்கு வரும் அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். முறத்தில் கொட்டை விழுந்து உருளும் சத்தம் மிகச் சின்னது. வீட்டில் வேறு சத்தம் இல்லாததால் எல்லா இடத்திலும் கேட்டது. நிறுத்தச் சொல்லும்படி அவர் என்னிடம் சொன்னதில்லை, அவளிடமும் சொன்னதில்லை. நான் அவளுக்கு ஏன் அதைக் கற்றுக்கொடுத்தேன் என்று அவருக்குத் தெரியும்.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா, "வாங்க, வந்து பாருங்க," என்றாள். குரலில் எதுவும் இல்லை. நான் பக்கத்திலிருந்தேன். ஐந்தாவது வெள்ளை முறத்தின் ஓரத்தில் கிடந்தது. அவள் அதைத் தொடாமல் வைத்திருந்தாள்.

"சும்மாதான் வருது," என்றாள். "நான் எதையும் கேக்கலை. யாரையும் நினைக்கலை. வந்திருச்சு."

அப்பா எச்சில் கையோடு நின்றார்.

"அப்ப அன்னைக்கும் சும்மாதான் வந்திருக்கு. அங்க யாரும் இல்லை. நாமளா கேட்டு நாமளே பதில் சொல்லிக்கிட்டோம்."

அவள் அவரைப் பார்த்தாள். மறுக்கச் சொல்லிப் பார்த்ததுபோல எனக்குத் தோன்றியது. அவர் வாயைத் திறந்தார். நான் கற்றுக்கொடுத்த கணக்கு சரி, அவள் போட்டுப் பார்த்ததும் சரி. அன்றைய கோயிலுக்கு அது பொருந்தாது என்று சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், இருவரும் அந்த அறையில்தான் இருந்தோம். அப்பா கையைக் கழுவப் போனார். குழாயடியில் வெகுநேரம் தண்ணீர் விழுந்தது.

அன்று மழை நிற்காததால் சீக்கிரம் இருட்டிவிட்டது. கோயிலுக்குப் போகாத நாட்களிலும் வீட்டில் விளக்கேற்றிவந்த அம்மா, அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்திருக்கவில்லை. அப்பா போய் அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். அந்த வேலையை அவர் அதுவரை செய்து நான் பார்த்ததில்லை. எண்ணெயை அதிகமாக ஊற்றிவிட்டார். திரி மூழ்கி அணைந்தது. திரியை விரலால் பிழிந்து, மறுபடி நிமிர்த்திவைத்து, தீக்குச்சியைக் கிழித்தார். அம்மா அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க," என்றாள்.